ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? டேட்டாபேஸை மீட்கும் வேலையின் வரிசை

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடை, சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறை, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி, ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ் என்று எந்த இடமாக இருந்தாலும் சரி, பில்லிங் கம்ப்யூட்டர் ஒரு காலையில் திறக்காவிட்டால் நடப்பது ஒன்றுதான். ரீஸ்டார்ட் செய்வார்கள். மறுபடியும் ரீஸ்டார்ட். விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைச் சரிபார்க்கத் தொடங்கும், ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அது முடிந்ததும் பில்லிங் சாஃப்ட்வேரில் ரிப்பேர் பொத்தானை அழுத்துவார்கள். டிஸ்க் பழுதானபோது தப்பித்துக் கிடந்த டேட்டா இந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அழிகிறது.

காரணம் எளிது. ரிப்பேர் என்று பெயர் வைத்த கருவிகள் எல்லாம் ஒன்றைத் திறக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது அவற்றின் முதல் வேலை இல்லை. விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பான செக்டிஸ்க், எந்த ஃபைல் எங்கே என்று வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தும்; ஒழுங்கில் பொருந்தாத ஃபைலின் பதிவை நீக்கிவிட்டு, துண்டுகளை 'ஃபவுண்ட் 000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போடும். உங்கள் டேட்டாபேஸ் ஃபைல் அந்தத் துண்டுகளில் ஒன்றாகிவிடலாம். அதோடு, சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதவும் செய்கிறது. மீட்பது என்றால் படிப்பது மட்டும்தான். பழைய டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாமல், முழுவதையும் வேறிடத்துக்குக் கொண்டுவந்து, அந்த நகலில் மட்டுமே கை வைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த விதியிலிருந்து வருவதுதான்.

எனவே முதலில் பவரை அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, காதருகே வைத்துக் கேட்கும் அளவு அமைதியான இடத்தில் ஒரே ஒரு முறை பவர் கொடுத்துப் பாருங்கள். சீராகச் சுழன்று, எப்போதாவது தயங்கினால் செக்டர் (டேட்டா பதியும் சிறு பகுதி) பழுது. வீட்டிலேயே மீட்க வாய்ப்புண்டு. 'டக், டக், டக்' என்று ஒரே தாளத்தில் தட்டினால் உள்ளே படிக்கும் ஹெட் போயிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். ஹெட் சேதமான டிஸ்க் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் டேட்டா பதிந்திருக்கும் தட்டின் மேற்பூச்சு உராய்ந்து போகும் ஆபத்து இருக்கிறது. இதைத் தூசியில்லா அறை வைத்திருக்கும் லேப்பில்தான் திறக்க வேண்டும்; சென்னையிலும் பெங்களூருவிலும் அப்படிப்பட்டவை உள்ளன. கடை மேசையில் மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

சத்தமே இல்லை, சுழலவே இல்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு பழுது. மின்னழுத்தம் எகிறியபோது போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய டிஸ்க்குகளில் அது பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் (பவர் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கின்றன. அந்தச் சிப்பைப் பெயர்த்துப் புதிய போர்டில் பற்றவைக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து டிஸ்க்கைக் கீழே கொண்டுவருபவர்களுக்கு ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கின் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஆன்டிஸ்டாட்டிக் கவரில் வைத்து, சுற்றிலும் இரண்டு விரல் தடிமனுக்கு ஃபோம் கொடுத்து, பஸ்ஸிலோ காரிலோ மடியில் வைத்துக் கொண்டுவருவது நல்லது. குளிரிலிருந்து சேலத்து வெக்கைக்கு வந்ததும் உலோகத்தின் மேல் ஈரம் படியும். கவரைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வைத்த பிறகே பவர் கொடுங்கள்.

டிஸ்க் சீராகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு கம்ப்யூட்டரை உபுண்டு என்ற லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸில் மாட்டினால் அது கேட்காமலே எழுதும்; 'ஃபார்மேட் செய்யவா' என்றும் கேட்கும். முடிந்தவரை மதர்போர்டிலிருந்து வரும் சாட்டா கேபிளில் நேராக மாட்டுங்கள். யுஎஸ்பி அடாப்டர்களில் பல, டிஸ்க் தயங்கும்போது இணைப்பையே அறுத்துவிடும். உபுண்டுவில் டிஸ்க் தானாக மவுன்ட் ஆவதை (திறந்துகொள்வதை) முன்பே நிறுத்தி வையுங்கள்.

பிறகு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை மூலம், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். நாலு எண்கள் போதும். 5 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198 என்பது சோதனையிலும் படிக்க முடியாதவை. 199 என்பது கேபிள் வழியே வந்த பிழைகள். இது மட்டும் ஏறி, மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். 197-ல் எண் இருந்தால் மேற்கொண்டு சோதனை ஓட்டாதீர்கள். நீண்ட சோதனை என்பது டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படிப்பது. அந்த ஒரு முறையை நகலெடுக்கவே பயன்படுத்த வேண்டும்.

நகலெடுக்க க்னூ டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம். உபுண்டுவில் இதன் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. பெயருக்கு நடுவே அடிக்கோடு போட்ட வேறொரு புரோகிராம் இருக்கிறது, அது இதுவல்ல. சாதாரண காப்பி பழுதான செக்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ முட்டும் இடத்தைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து கடினமான இடங்களைச் சுரண்டும். எதை எடுத்தது, எதை விட்டது என்பதை மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைல் இல்லாமல் ஓட்டினால் இந்த வசதி போய்விடும், அதனால் ஒருபோதும் அப்படி ஓட்டாதீர்கள். அதையும் பென் டிரைவ் உபுண்டுவின் தற்காலிக நினைவகத்தில் வைக்காமல், நகல் போகும் டிஸ்க்கிலேயே வையுங்கள்.

இடம் தாராளமாக வேண்டும். 500 ஜிபி டிஸ்க் என்றால் முதல் நகலுக்கு 500, அதன் நகலுக்கு 500, எடுத்து வைக்கும் ஃபைல்களுக்கும், டேபிள்களை வெளியே எழுதி எடுக்கும் டம்ப்புகளுக்கும் கொஞ்சம். 2 டிபி டிஸ்க் வாங்கிவிடுவது நிம்மதி. அதை லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, டிஸ்க்கின் முழு நகலான இமேஜ் ஃபைல் பாதியில் நின்றுவிடும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்து, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, எது பழையது எது புதியது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறினால் அதற்குப் பிறகு மீட்க எதுவும் இருக்காது.

முதல் சுற்றுக்கு இரண்டு ஆப்ஷன்கள்: நேரடியாக டிஸ்க்கைப் படிக்கச் சொல்லும் 'ஹைஃபன் டி', சுரண்டும் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லும் 'ஹைஃபன் என்'. பிறகு மூலம், இமேஜ், மேப் என்று மூன்று பெயர்கள் அந்த வரிசையில். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் நல்ல 1 டிபி டிஸ்க் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். பழுதானது நாள் கணக்கில் இழுக்கலாம். முதல் சுற்று முடிந்ததும், 'என்' ஆப்ஷனை எடுத்துவிட்டு, மூன்று மறுமுயற்சி என்று 'ஹைஃபன் ஆர்3' கொடுத்து அதே கட்டளையை ஓட்டுங்கள். ஒரே இடத்தில் சிக்கினால் பெரிய எழுத்து 'ஆர்' கொடுத்துப் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் செய்யலாம். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் டிஸ்க் மேல் டேபிள் ஃபேன் வைத்தே ஆக வேண்டும். 60 டிகிரி என்பது பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லும் மேல் வரம்பு. ஸ்மார்ட் பட்டியலில் வெப்பநிலை 50-ஐ நெருங்கினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள்.

இமேஜ் கிடைத்ததும் பழைய டிஸ்க்கைக் கவரில் போட்டு வைத்துவிடுங்கள். இமேஜை இன்னொரு நகல் எடுங்கள். இனி எல்லாம் அந்த இரண்டாவது நகலில்.

பலருக்குத் தெரியாத ஒரு வேலையை இங்கே செய்தே தீர வேண்டும் என்பேன். படிக்க முடியாத இடங்கள் இமேஜில் வெறும் பூஜ்யங்களாக இருக்கும். எந்த ஃபைல் கெட்டது என்று பார்த்தால் தெரியாது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் தன் டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபியில் இது இன்னும் மோசம். அது டேட்டாவைப் 'பக்கம்' என்ற துண்டுகளாக வைக்கிறது, ஒரு பக்கம் 16 கேபி. ஒரு பக்கம் முழுவதும் பூஜ்யமாக இருந்தால் 'இன்னும் பயன்படுத்தாத பக்கம்' என்று எடுத்துக்கொண்டு, பக்கம் கெட்டதா என்று பார்க்கும் செக்சம் சோதனை குறை சொல்லாமல் கடந்துவிடும். 4096 பைட் செக்டர் அடுத்தடுத்து நான்கு போனாலே ஒரு பக்கம் முழுப் பூஜ்யமாகிவிடலாம். டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோடு இதற்குத்தான் இருக்கிறது. எங்கும் இயல்பாக வராத ஒரு சொற்றொடரைச் சின்ன ஃபைலில் எழுதி, அதை மூலமாகவும், இரண்டாவது நகலை இலக்காகவும், பழைய மேப் ஃபைலையும் கொடுத்தால், கெட்ட செக்டர்களில் மட்டும் அந்தச் சொற்றொடரை நிரப்பிவிடும். பிறகு க்ரெப் என்ற தேடும் கட்டளையை வைத்து அதைத் தேடினால் எந்தெந்த ஃபைல் அடிபட்டது என்ற பட்டியல் கையில் இருக்கும். ஃபைலுக்குள் அது கிடைத்த பைட் இடத்தை 16384-ஆல் வகுத்தால் பக்க எண்ணே வந்துவிடும். பில் டேபிளில் மூன்று பக்கம் போயிற்று, மற்றதெல்லாம் சுத்தம் என்று வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

அப்படித் தேடவும் ஃபைல்களை எடுக்கவும் நகலை மவுன்ட் செய்யும்போது படிக்க மட்டும் என்று கொடுங்கள். இஎக்ஸ்டி4 என்றால் 'நோலோடு' ஆப்ஷனும் வேண்டும். இல்லாவிட்டால் படிக்க மட்டும் என்று சொன்னாலும் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பை) ஓட்டி நகலில் எழுதிவிடும்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி வைத்திருப்பவர்கள் தங்கள் டேட்டாபேஸ் பெயரில் இருக்கும் ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டேட்டா ஃபோல்டர் முழுவதும் வேண்டும். ஐபிடேட்டா1 ஃபைலில் இன்னோடிபியின் உள் அகராதியும் (டேபிள்களின் விவரம்), மாற்றங்களைத் திரும்பப் பெற உதவும் அன்டூ பதிவுகளும் இருக்கும். மைஎஸ்கியூஎல் 8-ல் அகராதி மைஎஸ்கியூஎல் என்ற பெயருள்ள ஐபிடி ஃபைலுக்கு மாறிவிட்டது. செய்த மாற்றங்களைக் குறித்து வைக்கும் ரீடூ லாக், பழைய பதிப்புகளில் ஐபி லாக்ஃபைல் 0, 1 என்று இருக்கும், 8.0.30 முதல் தனி ஃபோல்டர். பாதி எழுதிய பக்கத்தைச் சரிசெய்ய உதவும் டபுள்ரைட் பகுதி 8.0.20 முதல் தனி ஃபைல்களில். இவற்றில் ஒன்று விட்டாலும் பிறகு வருந்த வேண்டும். டேட்டாபேஸ் சர்வரோடு சேர்ந்து வரும் எக்ஸாம்ப் தொகுப்பை வைத்திருப்பவர்கள் பேக்கப் ஃபோல்டரை டேட்டா ஃபோல்டர் மேல் காப்பி செய்யும்போது, அதிலுள்ள வெறும் ஐபிடேட்டா1 பழையதன் மேல் எழுதிவிடும். பிறகு 'டேபிள் எஞ்சினில் இல்லை' என்ற பிழைதான் வரும்.

சர்வர் பதிப்பு அதேதான் வேண்டும். டேட்டா ஃபோல்டரில் இருக்கும் எர்ரர் லாக்கின் தொடக்க வரியில் பதிப்பு எண் கிடைக்கும். புதிய பதிப்பில் போட்டால் அது அப்கிரேடு செய்யத் தொடங்கும். கெட்ட டேட்டாவுக்கு அது ஆகாது. விண்டோஸில் இருந்த மைஎஸ்கியூஎல் 8-ஐ லினக்ஸில் எழுப்பும்போது டேபிள் பெயர்களின் சிறிய எழுத்து அமைப்பை 1 என்று வைக்காவிட்டால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. உபுண்டுவில் வேறு இடத்தில் டேட்டா ஃபோல்டரை வைத்தால் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கும். உரிமையை மைஎஸ்கியூஎல் பயனருக்கு மாற்றுவதோடு அதிலும் அனுமதி கொடுக்க வேண்டும். டேட்டா கெட்டுவிட்டதால்தான் கிளம்பவில்லை என்று இந்த இடத்தில் மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. எர்ரர் லாக்கைப் படியுங்கள், காரணம் அங்கேயே இருக்கும்.

முதலில் எந்தக் கட்டாயமும் இல்லாமல் கிளப்புங்கள். ரீடூ லாக் நலமாக இருந்தால் சர்வர் தானே மீண்டு எழும், கடைசி பில் வரை கிடைக்கும். எழாவிட்டால் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி என்ற அமைப்பை 1 என்று வையுங்கள். கெட்ட பக்கம் எதிர்ப்பட்டாலும் சர்வர் விழாமல் தாண்டிப் போக முயலும். 2 பின்னணி வேலைகளை நிறுத்தும். 3 முடியாத பரிவர்த்தனைகளைத் திரும்பப் பெறாது. இந்த மூன்று வரை ஓரளவு பாதுகாப்பு. 4 முதல் டேட்டா ஃபைலையே நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. 6 ரீடூ லாக்கை ஒதுக்கிவிட்டுத் திறக்கும். லாக் ஃபைலே கெட்ட செக்டரில் மாட்டியிருந்தால் வேறு வழியில்லை, ஆனால் பக்கங்கள் வெவ்வேறு நேரத்து நிலையில் நிற்கும். நேராக 6 போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றிலிருந்து ஏறுங்கள், ஒவ்வொரு படிக்கும் புது நகலில்.

எழுந்துவிட்டால் அதை வைத்துக் கடை நடத்தக் கூடாது. எழுந்த நிலையில் செய்ய வேண்டியது டம்ப் எடுப்பது மட்டுமே, அதுவும் ஒவ்வொரு டேபிளாகத் தனித்தனி ஃபைலில். சின்ன மாஸ்டர் டேபிள்கள் முதலில்: வாடிக்கையாளர், சரக்கு, வரி விகிதம். பிறகு பில் தலைப்பு, ஒவ்வொரு சரக்குக்கும் ஒன்றாக இருக்கும் பில் வரிகள். கெட்ட பக்கத்தைத் தொடும்போது சர்வர் விழும், டம்ப் பாதியில் நிற்கும். லாக்கில் பக்க எண்ணோடு பிழை பதிவாகியிருக்கும்.

அந்த டேபிளைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். இன்னோடிபி வரிகளை பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண்) வரிசையில்தான் அடுக்கி வைக்கிறது. ஆகவே 1 முதல் 50000 வரை, 50001 முதல் 100000 வரை என்று எல்லை கொடுத்து எடுங்கள். விழுகிற துண்டை இரண்டாகப் பிரியுங்கள், அதையும் இரண்டாக. சில முறை பிரித்ததும் கெட்ட இடத்தின் தொடக்கம் தெரிந்துவிடும். மறுமுனையைப் பிடிக்க இறங்கு வரிசையில் படியுங்கள். வரி ஒன்று 100 பைட் என்றால் 16 கேபி பக்கத்தில் ஏறக்குறைய 150 வரிகள். ஒரு பக்கம் போனால் இழப்பு அவ்வளவுதான். மொத்த டேபிளும் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். படிக்கும்போது பிரைமரி கீயையே பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள். கெட்டது வேறொரு இன்டெக்ஸாக (தேடுவதற்கான அட்டவணை) இருந்தால் எல்லா வரிகளும் முழுதாக வந்துவிடும், புதிய இடத்தில் இன்டெக்ஸ் தானே உருவாகும்.

இன்டெக்ஸ் மரத்தின் மேல் பக்கமே போயிருந்தால் இந்த வழி நிற்கும். அப்போது அன்டிராப் ஃபார் இன்னோடிபி என்ற கருவி. சர்வரே இல்லாமல், டேபிளின் டேட்டா இருக்கும் ஐபிடி ஃபைலையோ இமேஜையோ வருடி இன்னோடிபி பக்கங்களைப் பொறுக்கி, டேபிளின் அமைப்பை நீங்கள் கொடுத்தால் வரிகளாகப் பிரித்துக் கொடுக்கும். ஐபிடி ஃபைல் மட்டும் நலமாக, மற்றதெல்லாம் போயிருந்தால் அதைவிட எளிய வழி உண்டு: புதிய சர்வரில் அதே அமைப்பில் காலி டேபிள் செய்து, அதன் டேபிள்ஸ்பேஸை (காலி ஐபிடி ஃபைலை) டிஸ்கார்டு செய்து, பழைய ஐபிடியை வைத்து இம்போர்ட் செய்யலாம். அமைப்பு ஞாபகமில்லை என்றால், பதிப்பு 8 ஃபைல்களில் ஐபிடி2எஸ்டிஐ என்ற கருவி அதை எடுத்துத் தரும்.

மற்றவை சுருக்கமாக. மைஎஸ்கியூஎல்லின் பழைய எஞ்சினான மைஐசாம் டேபிள்களில் எம்ஒய்டி ஃபைல் நலமாக இருந்தால் கவலை வேண்டாம். எம்ஒய்ஐ வெறும் இன்டெக்ஸ், மைஐசாம்செக் திரும்பக் கட்டிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் 'சஸ்பெக்ட்' என்று காட்டும் டேட்டாபேஸை டிட்டாச் செய்யாதீர்கள், திரும்ப அட்டாச் ஆகாமல் போகலாம். எமர்ஜென்சி நிலைக்கு மாற்றி, டேபிள்களைப் படித்து வெளியே எடுங்கள். டேட்டா இழப்பை அனுமதித்து ரிப்பேர் செய் என்ற ஆப்ஷன், பெயரில் சொன்னதைச் செய்யும்; கெட்ட பக்கத்தைக் கழற்றி எறிந்துவிடும். அது எல்லாம் எடுத்த பிறகு, கடைசியாக. டேலியில் கம்பெனியின் எண் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் ரிப்பேர். டேலிபிரைமில் ஆல்ட், ஒய் அழுத்தினால் வரும் மெனுவில் இருக்கிறது, இஆர்பி 9-ல் கன்ட்ரோல், ஆல்ட், ஆர். அதுவும் திறக்க வைக்கும் கருவிதான். முடிந்ததும் ஒவ்வொரு மாதத்தின் வவுச்சர் எண்ணிக்கையையும் பாருங்கள்.

எடுத்த டேட்டாவைப் புதிய டிஸ்க்கில், புதிதாக நிறுவிய சர்வரில் ஏற்றிய பிறகுதான் உண்மையான சோதனை. பில் எண்களில் இடைவெளி எங்கே என்று பாருங்கள். தலைப்பு இல்லாத வரிகள், வரிகள் இல்லாத தலைப்புகள் எவை என்று எடுங்கள். ஒவ்வொரு பில்லின் சரக்கு வரிகளைக் கூட்டிய தொகையும் தலைப்பில் இருக்கும் மொத்தமும் பொருந்துகிறதா? வெள்ளிப் பட்டறைகளில் பணத்தைவிட எடைதான் கணக்கு. ஒவ்வொரு கைவேலைக்காரருக்கும் கொடுத்த கிராம், வந்த கிராம், கழிவு, நிலுவை ஆகியவற்றைக் கையெழுத்துச் சிட்டையோடு ஒப்பிடாமல் நிலுவையைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். டிஸ்க் பழுதுக்கு அவர் பொறுப்பில்லை, அவர் கூலியிலிருந்து ஒரு கிராம்கூடக் குறையக் கூடாது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த கிலோக் கணக்குக்கும் இதே பேச்சுதான்.

இடைவெளிகளை நிரப்ப வெளியே நிறையச் சான்று இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-ல் பதிவு பெற்ற வாடிக்கையாளர்களின் பில்கள் எண், தேதி, தொகையோடு ஒவ்வொன்றாக இருக்கும். கொள்முதல் பக்கம் ஜிஎஸ்டிஆர்-2பி. சரக்கு விவரம் வேண்டுமானால் இ-வே பில். சில்லறை விற்பனை அங்கே மொத்தத் தொகையாக மட்டுமே இருக்கும். அதற்கு பில் புத்தகத்தின் கார்பன் நகலும் வங்கி, யுபிஐ பட்டியலும்தான். கையால் நிரப்பிய வரிகளுக்குத் தனிக் குறி போட்டு வையுங்கள், பின்னால் ஆடிட்டர் கேட்பார். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், ஆகவே பழைய ஆண்டுகள்தானே என்று எதையும் விட முடியாது.

பில் போடத் தொடங்கும் முன், தாளிலும் ஜிஎஸ்டி தளத்திலும் கண்ட மிகப் பெரிய பில் எண்ணுக்கு மேலே தொடர் எண்ணை நகர்த்துங்கள். டேபிளில் தானாகக் கூடும் எண்ணான ஆட்டோ இன்கிரிமென்ட்டையும் அப்படியே. மீட்ட டேட்டாவின் கடைசி எண்ணிலிருந்து தொடர்ந்தால், வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் பில் எண்ணையே இன்னொருவருக்கும் கொடுத்துவிடுவீர்கள். முதல் நகல் இமேஜ், மேப் ஃபைல், பழைய டிஸ்க் மூன்றையும் அந்த ஆண்டுக் கணக்கு ஆடிட் முடியும் வரை அழிக்க வேண்டாம். இன்று படிக்க முடியாத பக்கத்தில் இருந்த ஒரு பில்லை மார்ச்சில் யாராவது கேட்டால், அதே மேப் ஃபைலை வைத்து அந்த செக்டர்களை மட்டும் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்.